வண்டியின் காதில் விழாமல்

எங்கள் வீட்டில் காரின் காது கேட்க யாரும் ரிப்பேரைப் பற்றிப் பேசுவதில்லை. பழுது பார்க்கும் செலவு தன் விலையைத் தாண்டும் என்று தெரிந்தால், கார் ஆட்களை இறக்கிவிட்டுத் தானாகவே பழைய வண்டிகளை உடைக்கும் கிடங்குக்குப் போய்விடும். சட்டம் அப்படி. புதிதாக வாங்கினால் என் சம்பளத்தில் பாதி தவணைக்கே போய்விடும். எங்கள் கிழட்டுக் காரோ டயரையும் ஆயிலையும் தவிர எதையும் கேட்பதில்லை. நல்லவேளையாக, தன் சத்தம் அதற்கே கேட்பதில்லை.

அன்று நாமக்கல் போகும்போது என் மனைவி பூங்கொடியின் தம்பி பரமசிவமும் எங்களோடு ஏறிக்கொண்டான். மேம்பாலம் தாண்டியதும் கேட்டுவிட்டான்.

"என்ன மாமா, அடியில கடகடன்னு சத்தம் வருது?"

பூங்கொடி அவன் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் கார் வேகத்தைக் குறைத்துவிட்டது.

"என்ன சத்தம்?" என்று கேட்டது.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"என் முழங்கால்தான்," என்றேன். "கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

"வெளியில் கேட்கும் அளவுக்கா? உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்," என்று சொல்லி, கார் எலும்பு ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்குள் திரும்பியது.

"காலு நல்லாத்தானே புள்ள இருக்கு," என்று பூங்கொடியின் காதில் முனகினேன்.

"பேசாம ஊசி போட்டுக்குங்க," என்றாள் அவள், என்னைவிட மெதுவாக. "ஆபரேஷன்னு சொன்னாலும் சரின்னுடுங்க. புதுக் காரு வாங்குறதுக்கு அது சல்லிசு."