அரைக் கிலோ கம்மி

வந்த சரக்கில் எடை குறைந்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவார், சாத்தாங்காடு இரும்பு வியாபாரி அத்தாவுல்லா. அன்று போனில் மனைவி சபீஹாவிடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தவிட அரைக் கிலோ கம்மியா? இன்னும் குறையட்டும்."

கணக்குப்பிள்ளை ராமசுப்புவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முதலாளி, எடை குறைஞ்சதுக்கா சிரிக்கீங்க?"

"நம்ம பையன் சுஃபியானோட எடைப்பா. கிட்னி கோளாறு. உடம்பெல்லாம் நீர் கோத்து, கண்ணத் தொறக்க முடியாம மூஞ்சி வீங்கிப்போச்சு. நான் சதை போடுறான்னு நெனச்சேன். மூத்திரம் நுரைக்குதுன்னு டாக்டராண்ட இட்டுனு போனது சபீஹாதான். இப்போ மாத்திரை வேலை செய்யுது, நீர் வடிஞ்சிகினு கீது."

போனில் சபீஹா ஏதோ சொன்னாள். அத்தாவுல்லா எழுந்தே நின்றுவிட்டார்.

"ராமசுப்பு, எல்லாருக்கும் டீ சொல்லு. பையன் ரெண்டு கண்ணையும் தொறந்துட்டானாம்."