சிவப்பு நூல் கட்டிய கிளாஸ்

மருந்துக்கடைக்காரர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புட்டியை எடுத்தார். தனியாக வைத்திருந்த நாலு ஜாடிகளிலும் ஜாடிக்குப் பதினொரு சொட்டு விட்டார். முப்பது வருடம் மருந்து கலந்த கை.

"கடவுளே, இந்த ஒரு பாவத்தை மட்டும் பொறுத்துக்கோ" என்று முணுமுணுத்தார்.

அடுப்பருகே ஆட்டுக்கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மனைவி, ஒரு ஜாடியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"கலங்கலா இருக்குங்க. மெல்லிசு துணியில ரெண்டு தரம் வடிகட்டுங்க. நூலகர் கண்ணு பொல்லாத கண்ணு."

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. சூப் வடிகட்டிப் பழகியவள்தானே என்று விட்டுவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நூலகருக்கும் காண்ட்ராக்டருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. சமையல் மனைவியின் இலாகா. எந்தப் பதார்த்தத்துக்கு எந்த ஒயின் என்பது அவருடைய இலாகா. ஒருமுறை கிளாஸ்கள் மாறிப்போய்ப் பெரிய மனத்தாங்கலானதிலிருந்து, ஒவ்வொரு கிளாஸின் காம்பிலும் நூல் கட்டுவது வழக்கமாயிற்று. நூலகருக்கு நீலம், காண்ட்ராக்டருக்குச் சிவப்பு, மருந்துக்கடைக்காரருக்குப் பச்சை. விருந்தாளிகளின் கிளாஸ்களை அவர் சமையலறையிலேயே நிரப்பித் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். பச்சையை மட்டும் மனைவி நிரப்புவாள். வீட்டுக்காரர் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை என்பது அவள் கட்சி.

காண்ட்ராக்டர் பள்ளிக்கூட நாளிலிருந்து அவரைச் 'சொட்டு மருந்து' என்றுதான் கூப்பிடுவார். கல்யாண மேடையில் வைத்தும் அப்படியே கூப்பிட்டார். அதையெல்லாம் சகித்துக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டியாயிற்று. ஆனால் திங்கட்கிழமை காண்ட்ராக்டரின் டிரைவர் கடைக்குக் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்த பிறகு, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இன்று விட்டால் இன்னொரு ஞாயிறு கிடைக்குமோ என்னவோ.

காளான் சூப் வந்தது. பிறகு வெண்ணெயில் பொரித்த மீன். மருந்துக்கடைக்காரர் பச்சை நூல் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, "ஆப்பிள் வாசனை... அதுக்கு அடியில கொஞ்சம் ஈர மண். வெண்ணெயோட கனத்தை இந்தப் புளிப்பு அப்படியே வெட்டும், பாருங்க" என்றார்.

காண்ட்ராக்டர் ஒயினை நாக்குக்குக் காட்டாமல் நேரே தொண்டைக்கு அனுப்புகிறவர். ஒரே மடக்கில் கிளாஸைக் காலி செய்துவிட்டு மார்பைத் தடவிக்கொண்டார். "நல்லா சுடுதுடா, சொட்டு மருந்து."

கறி வந்தபோதுதான் விபரீதம் நடக்கப் பார்த்தது. பேச்சு சுவாரசியத்தில் நூலகர் சிவப்பு நூல் கிளாஸை எடுத்து உதடுவரை கொண்டுபோய்விட்டார். மருந்துக்கடைக்காரர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். குழம்புக் கிண்ணம் சாய்ந்து நூலகரின் வெள்ளைச் சட்டை பாழாயிற்று.

"அது உங்களுக்கில்ல. அவனுக்கு ஊத்தினது."

மருந்துக்கடைக்காரரின் நெற்றி வேர்த்திருந்தது. காண்ட்ராக்டர் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, என் பங்குக்குக் காவல்காரனெல்லாம் போட்டிருக்கியா என்று சிரித்தபடி கிளாஸை வாங்கி வாயில் கவிழ்த்தார்.

மருந்துக்கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சுட்ட பேரிக்காயும் அதற்கான இனிப்பு ஒயினும் முடிந்து, காண்ட்ராக்டர் எழுந்தார். வாசல்வரை நேர்கோட்டில் நடந்துபோய்த் திரும்பி நின்றார்.

"பாத்தியா தங்கச்சி? நாலு ரவுண்டு. கால் தடுமாறுதா பாரு. அண்ணன் இன்னும் இருபது வருஷம் இருப்பேன்."

"இருக்கணும்ண்ணே" என்றாள் அவள்.

கதவைச் சாத்தியதும் மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து இன்னொருமுறை படித்தார். அது காண்ட்ராக்டரின் மருந்துச் சீட்டு. ஈரல் பாதி போய்விட்டது, இனி ஒரு சொட்டு மதுவும் கூடாது என்று டாக்டர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். வேறு கடையில்தான் வாங்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று டிரைவருக்கு உத்தரவாம்; அவன்தான் மனசு கேட்காமல் இங்கே கொண்டுவந்தான். நண்பர்கள் முன்னால் வேண்டாமென்று சொல்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற மனிதர்.

"திராட்சைச் சாறும் ஆப்பிள் சாறும் டீத்தண்ணியும்தான். பதினொரு சொட்டு மிளகுச் சாறு. கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கலையே" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "பொய்தான். ஆனா சாமி மன்னிச்சிடும்."

"மன்னிக்கும்ங்க" என்றாள் மனைவி.

அவருக்குத் தைரியம் வந்தது. "அவன் நாக்கு அவ்வளவுதான். என்னையெல்லாம் அப்படி ஏமாத்த முடியுமா? நானும்தான் நாலும் குடிச்சேன். ஏறுச்சா பாரு. உடம்பு அப்படி."

"ஆமாங்க, உங்க உடம்பு அப்படி" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் அவர் பெயருக்கே எழுதிய இதே போன்றதொரு சீட்டைக் கண்டெடுத்த நாளிலிருந்து, பச்சை நூல் கிளாஸுக்கென்று மாதாமாதம் அவள் கலந்துவைக்கிற நாலு ஜாடிகளைத்தான் முதலில் கழுவினாள்.