நடுவில் ஒரு கோடு

“மொதல்ல பொண்ணுன்னு வச்சு எழுதுங்க” என்றாள் நீலாயதாட்சி.

சொக்கலிங்கம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். கடையிலிருந்து கொண்டுவந்த கணக்குத் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டிருந்தான். இடப்பக்கம் பெண். வலப்பக்கம் பையன். அவள் எட்டு மாத வயிற்றோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நல்ல வாயி வச்சிருக்கே. இருக்கிற ரெண்டு பொண்ணு பத்தாதா?”

“பொறக்கிறது நம்ம கையிலயா இருக்கு? எழுதுங்க.”

எழுதினான். மருத்துவச்சிக்குப் பதினைந்து ரூபாய். பத்தியச் சாமான் எட்டு. பால், மாதம் பன்னிரண்டு. துணிமணி நாலு. பென்சில் ஒவ்வொரு வரிக்கும் நின்று மூச்சு வாங்கியது.

பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, ஒரே ஒரு தகரப் பெட்டியோடு கப்பலில் திரும்பியவன் அவன். காரைக்குடி ஜவுளிக்கடையில் கணக்கு எழுத மாதம் எழுபது ரூபாய். தாத்தா கட்டிய பெரிய வீட்டில் பங்காளிகளுக்குப் பிரித்ததுபோக இரண்டு அறை மிஞ்சியது. அதில் ஒன்று மழைக்கு ஒழுகும். மூத்தவள் சிகப்பிக்குப் பதினாறு வயது. அவள் கழுத்துச் சங்கிலி அடகில் இருந்தது.

“இதைக் கூட்டவே வேணாம்” என்றான். “கூட்டாமலே தெரியுது.”

“நான் முறுக்குச் சுட்டு விக்கிறேன். மருத்துவச்சி அக்கம்மா வீடு வீடாக் கொண்டுபோயிக் குடுப்பா.”

“நம்ம வீட்டு ஆச்சி முறுக்கு விக்கிறதா? ஊரு சிரிக்கும்.”

“பர்மாவுல முதலாளியா இருந்தவுக இங்க வந்து கணக்கு எழுதுறீக. அதுக்கே ஊரு சிரிச்சு ஓஞ்சுபோச்சு. என்னையப் பாத்துச் சிரிக்க அதுக்குத் தெம்பு இருக்காது.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வலப்பக்கத்துக்கு வந்தான். அங்கே பென்சில் தயங்காமல் ஓடியது. ஓடு மாற்றுவது. சங்கிலி மீட்பது. சிகப்பி கல்யாணம். சொந்தமாக ஒரு சின்னக் கடை.

“பையன்னா எல்லாம் சரியாயிரும் நீலா” என்றான், தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் தாளை வாங்கி வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தாள். எதையோ தேடுகிறவள்போல் இருந்தது. பிறகு அதை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பங்காளி வீட்டு உமையாள் ஆச்சி காரில் வந்து இறங்கினாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், குங்குமப்பூ, பேரீச்சம்பழம்.

“வயிறு கூம்பி நிக்குது. பையந்தான், பாத்துக்க. பிள்ளையார்பட்டிக்கு வேண்டியிருக்கேன்.”

“நானும் வேண்டியிருக்கேன் ஆச்சி” என்றாள் நீலாயதாட்சி.

சதுர்த்திக்குச் சதுர்த்தி டவுன் பஸ்சில் நின்றுகொண்டே போய் வந்தாள். என்ன வேண்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பெண் பெற்றவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்படியும் அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தாள். மருத்துவச்சி அக்கம்மாள் தூக்குக்கூடையில் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்து காசைக் கொடுப்பாள். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தக் காசு ஏறியது. ஒரு மாதத்தில் பாதி பாட்டில்.

“ரெண்டு மாசப் பாலுக்கு வந்திருச்சு” என்று ஒருநாள் கணவனிடம் ஆட்டிக் காட்டினாள்.

“அப்புறம்?”

அவள் மூடியைத் திருகினாள்.

தை மாதத்து ஒரு காலையில் வலி எடுத்தது. வெயில் முற்றத்தில் இறங்கும்போது அக்கம்மாள் கத்தினாள்.

“ஆச்சி, கண்ணத் தொறந்து பாருங்க! சிங்கக்குட்டி! ஆம்பளப் பிள்ளை!”

“நல்லாப் பாத்தியா அக்கம்மா?”

“நல்ல கேள்வி! இதுல பாக்க என்ன ஆச்சி இருக்கு?”

நீலாயதாட்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. “சந்தோசத்துல அழுகிறாக” என்று அக்கம்மாள் வெளியே நின்ற பெண்களிடம் சொன்னாள்.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்துச் சொக்கலிங்கம் நிலைப்படிக்கு வந்தான். உள்ளே வரவில்லை. பிள்ளையைப் பார்க்கவும் இல்லை.

“உமையாள் ஆச்சி வந்திருக்காக” என்றான் தரையைப் பார்த்து. “பேசினபடி பதினாறாம் நாள் தத்து எடுத்துக்கிறாகளாம். பத்தாயிரத்தையும் அன்னைக்கே குடுத்துருவாக.” துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். “அதுவரைக்கும்... பிள்ளையப் பசிக்க விடாமப் பாத்துக்கச் சொன்னாக.”

பெண்ணாகப் பிறந்திருந்தால் அந்தக் கார் வாசலோடு திரும்பியிருக்கும். அதைத்தான் அவள் சதுர்த்திக்குச் சதுர்த்தி கேட்டுவிட்டு வந்தாள்.

நீலாயதாட்சி பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்த தாளை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தாள். வலப்பக்கத்தில் ஓடு இருந்தது, சங்கிலி இருந்தது, கல்யாணம் இருந்தது. பாலுக்கென்று ஒரு வரி இல்லை.