மருமகன் எழுப்பிய தூண்

மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் ஐந்து பேர்: கட்டுமானக் கம்பெனி முதலாளியான பெரியவர், கட்டடப் பொறுப்பைக் கவனிக்கும் அவருடைய மருமகன், மகள், சோதனைக்கூடத்துக்காரர், மேஸ்திரி. கூரை போடாத தளத்தில் காலை வெயில் தூண்களின் நிழலை நீளமாகக் கிடத்தியிருக்கிறது. சோதனைக்கு அனுப்பும் கான்கிரீட் கட்டிகளுக்கு மட்டும் சிமெண்டைக் கூட்டித் தனிக் கலவை போட்டிருக்கிறான் மருமகன். கட்டிகள் எல்லாம் தேறிவிட்டன. தூணையே துளைத்து நேற்று எடுத்த துண்டோ பாதிப் பாரத்திலேயே நொறுங்கிப்போனது. அதன் தூள் பெரியவரின் கைக்குட்டையில் இருக்கிறது.

“பரீட்சைக்கு ஒரு கலவை, குடியிருக்க வர்றவங்களுக்கு ஒரு கலவையா, மாப்பிள்ளை?”

“இந்த ஒரு தூண்தான், மாமா...”

“ஒண்ணுதானே, அப்ப நீங்களே உடைச்சிடுங்க. ஆள் வெச்சு உடைச்சா உங்களுக்கு மரியாதையா இருக்காது.”

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மட்டியை நீட்டுகிறார். கீழே வேலையாட்கள் கலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். முதல் அடிக்கே தூணின் விளிம்பு பொலபொலவென்று உதிர்கிறது. நாலாவது அடியில் மருமகனின் உள்ளங்கை தோல் உரிகிறது. “பார்த்து, மாப்பிள்ளை. பக்கத்துத் தூணும் உங்க கைவண்ணம்தான்” என்கிறார் பெரியவர். குரல் உயரவில்லை. கணவன் கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரத்தை இறுகப் பிடித்தபடி நிற்கும் மகளின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

சோதனைக்கூடத்துக்காரர்தான் காட்டிக்கொடுத்தார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தூணைத் துளைத்துப் பார்க்கச் சொன்னவள் மகள்.