லீலா மறந்த வசனம்

“உங்க பொண்ணு நாலு மாசம் முன்னாடியே பிறந்துட்டா. மெஷின் மூச்சு கொடுக்கும். ஆனா அதுவே பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கவும் செய்யும். மெஷின் வெச்சுப் பார்க்கலாம். இல்லேன்னா கடைசி வரைக்கும் வலி தெரியாம உங்க மடியிலேயே வெச்சுக்கலாம். நீங்கதான் சொல்லணும்,” என்றாள் டாக்டர் ஆரணி.

லீலாவின் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. “உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?”

“அது… புள்ளிவிவரப்படி பார்த்தா…”

லீலா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கம்ப்யூட்டர்கிட்டயா பேசுறீங்க? என்னைப் பாருங்க லா!”

இளம் டாக்டர்கள் பேசிப் பழகுவதற்காக, பெற்றோராக நடிக்க மருத்துவமனை அழைத்து வரும் தேக்கா நாடகக் குழு நடிகை அவள்.

“சுவிட்ச் போட்ட மாதிரி அழுறீங்களேக்கா! எப்படி?”

“தொழில் ரகசியம். நிஜ அப்பா அம்மா மத்தியானம் வர்றாங்கள்ல? மறுபடி ஆரம்பிங்க.”

ஆரணி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இம்முறை எடுத்த எடுப்பில் எதையும் விளக்கவில்லை.

“பாப்பாவுக்குப் பேர் வெச்சிட்டீங்களா?”

ஒரு வசனமும் மறக்காத லீலா தடுமாறினாள்.

“வருண்,” என்றாள்.

கதைப்படி அவளுக்குப் பிறந்தது பெண் குழந்தை. ஆரணி திருத்தவில்லை. லீலாவும் இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.