கத்தியைப் பிடித்தவள்

எண்ணூரிலிருந்து கிளம்பிய ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் தேசம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் மடியில் கிடந்த பையன் வெற்றியின் வயிற்றில், மீன் வெட்டும் கத்தி பாதி இறங்கி நின்றது. முந்தானையைச் சுருட்டி அதைச் சுற்றி முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்திருந்தாள்.

“இன்னாத்துக்கும்மா அத்த புடிச்சிகினு கீற? புடுங்கிப் போடு!” என்று டிரைவர் கத்தினார்.

“ஐயோ, வேணாம் நைனா! என் வூட்டுக்காரருக்கு மீன்புடி போட்டுல கம்பி குத்திச்சு. புடுங்குன ஒடனே ரத்தம் கொட்டி வழியிலயே போய்ட்டாரு. நீ மெதுவா ஓட்டு.”

வெற்றியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

“கண்ண மூடாத ராஜா. ஆஸ்பத்திரி வந்துடுச்சு பாரு” என்று வழி நெடுகப் பொய் சொன்னாள்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. ரத்தம் காய்ந்த கையைக்கூடக் கழுவாமல், கதவையே பார்த்தபடி நின்றிருந்தாள் தேசம்மா.

ஒருவழியாக டாக்டர் வெளியே வந்தார். “கத்திய எடுக்காம அப்படியே கொண்டு வந்தீங்க பாருங்க, அதனாலதான் காப்பாத்த முடிஞ்சுது. பையன் பொழைச்சுட்டான்மா.”

“நெஜமாவா டாக்டரே? நெஜமாவே பொழைச்சுட்டானா?”

அவர் தலையசைத்ததும் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

காத்திருந்த போலீஸ்காரர் இரக்கத்தோடு குனிந்தார். “அழாதம்மா. கேஸ் எழுதணும். நீதான பையனோட அம்மா?”

“இல்ல சார். அவன் அம்மா புளியந்தோப்புலேர்ந்து வந்துகினு கீறாங்க. நான்... குத்துனவனோட அம்மா.”