இதே நாளில்

போலீஸ் ஏட்டு குறுப்பு அன்றைக்கும் வந்து நின்றார்.

சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாசகசாலைக்கு வெளியே தொங்கிய கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

உள்ளே பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த தாணுலிங்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இது நாலாவது நாள்.

கரும்பலகையில் அப்படி ஒன்றுமில்லை. தாணுலிங்கம் நாடகம், சினிமா என்றால் உயிரை விடுகிற ஆள். பழைய நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் தேதி குறித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். வாசகசாலையைத் திறந்ததும் ‘இதே நாளில்’ என்று தலைப்புப் போட்டு அதிலிருந்து ரெண்டு வரி எழுதிவிடுவார். சுசீந்திரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாசித்துச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

அன்றைக்கு எழுதியிருந்தது இதுதான்: ‘இதே நாளில், ஒன்பது வருசத்துக்கு முன்னால், நம்மூர் டூரிங் கொட்டகையில் முதல் படம் ஓடியது. ஆறு தடவை ரீல் அறுந்தது.’

இதைப் போலீஸ் எதற்கு எழுதிக்கொண்டு போகவேண்டும்?

காலம் சரியில்லை. மலையாளத்து சர்க்காரின் கீழ் இருக்கிற தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம். மேற்கே துப்பாக்கிச் சூடு நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வீடு புகுந்து ஆள் பிடிக்கிறார்கள். பக்கத்து ஊரில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினவனுக்குக் கை விரல் ஒன்றும் நேராக இல்லை என்று பேச்சு.

வாசகசாலைக்கு வருகிற நேசையனும் அவன் கூட்டாளிகள் மூணு பேரும் போராட்டக்காரர்கள் என்பது தாணுலிங்கத்துக்குத் தெரியும். பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகங்களில் பாதி, நேசையன் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை.

ஏட்டு எழுதி முடித்தார். உள்ளே எட்டி, பெஞ்சில் இருந்த நாலு பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

“என்ன ஏட்டே எழுதுகீங்க?” தாணுலிங்கம் கேட்டார்.

“உம்ம ஜோலியப் பாரும்.”

வீட்டில் மனைவி சண்முகவடிவு கேட்டவுடனே பதறினாள்.

“நேத்து போர்டுல என்ன எழுதியிருந்தீங்கோ?”

“நாடகக் கம்பெனி நூறாவது நாள் ஆடின கதை. ‘இன்று நூறு, நாளை கடைசி’ன்னு அன்னைக்கு நோட்டீஸ்ல போட்டிருந்தான். அதை அப்படியே எழுதினேன்.”

“நாளை கடைசியா? ஸ்டேஷனுக்குத் தீ வைக்கப் போறதா நினைச்சிருப்பான்.”

அவருக்கு அதுவரை அப்படித் தோன்றவில்லை. தோன்றிய பிறகு சோறு இறங்கவில்லை.

மறுநாள் கரும்பலகையைத் துடைத்து வெறுமே விட்டார். ஏட்டு வந்தார். வெறும் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். நோட்டை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்கடுத்த நாளும் பலகை வெறுமை. ஏட்டு உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். பென்சிலை நோட்டில் வைத்தார், எடுத்தார்.

“தாணுலிங்கம், நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல வரணும்.”

அன்று சாயங்காலம் சண்முகவடிவு அழுதாள். “யார் பேரைக் கேட்டாலும் சொல்லிட்டு வந்திருங்கோ.”

“கூட இருந்து பேப்பர் வாசிச்ச பயக்களைக் காட்டிக் குடுக்கவா? என்ன பேச்சு பேசுக நீ?” என்று சத்தம் போட்டார்.

காலையில் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், பழைய நாடக நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் நாலு பேருடைய பெயரையும் எழுதினார். நேசையன் பெயர்தான் முதலில். வீடு இருக்கிற இடத்தையும் எழுதினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. ஏட்டு மட்டும் இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தாணுலிங்கம் தாளை மேஜையில் வைத்துவிட்டார்.

“ஏட்டே, நான் வெறும் சினிமாக் கிறுக்கன். அரசியலும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அங்க வாறவங்க பேரு இதுல இருக்கு. என்னை விட்டிருங்க.”

ஏட்டு தாளை வாசித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாணுலிங்கம் சுவரோரமாக நகர்ந்து நின்றார்.

“இதை வேற ஆராவது பாத்தாச்சா?”

“இல்ல ஏட்டே. பெண்டாட்டிகூடப் பாக்கல்ல.”

ஏட்டு தீக்குச்சியைக் கிழித்தார். தாளின் ஒரு முனையில் வைத்தார். விரல் சுடும்வரைக்கும் பிடித்திருந்து, கீழே போட்டுப் பூட்ஸால் தேய்த்தார்.

பிறகு அந்த நோட்டை விரித்து அவர் முன்னால் தள்ளினார். மலையாளத்தில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளம் தாணுலிங்கத்துக்கு மறக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு ஒன்றுதான்: ‘வாசகசாலையில் கூடுகிறவர்கள் பெயர், விவரம்.’

அதற்குக் கீழே ஒரு பெயரும் இல்லை. டூரிங் கொட்டகையில் ஆறு தடவை ரீல் அறுந்தது இருந்தது. நாடகக் கம்பெனி நூறு நாள் ஆடியது இருந்தது. மேடையில் ராஜபார்ட்டின் மீசை விழுந்தது இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

“பக்கம் நிறைஞ்சிருந்தா அவரு வாசிக்க மாட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு.”

ஏட்டு கடைசி ரெண்டு தாள்களைப் புரட்டினார். தலைப்புக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

“ரெண்டு நாளா நீரு ஒண்ணும் எழுதல்ல. நாளைக்குக் கொஞ்சம் நீளமா எழுதும், தாணுலிங்கம்.”